மூன்றாவது செருப்பு

இருபத்து மூன்று வயதில் நான் ஒரு கணித மேதை. அதை என்னைத் தவிர வேறு யாரும் கண்டுபிடிக்காததுதான் குறை. பிழைப்புக்கு ஹார்பரில் டாலி கிளார்க் வேலை. கப்பலிலிருந்து மூட்டை இறங்க இறங்க ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டு, ஐந்தாவதை நாலின் மேல் குறுக்கே இழுக்க வேண்டும். கை மட்டும் போதும், தலை சும்மா கிடந்தது. சும்மா கிடந்த தலைக்குள் ஒரு கோணம் வந்து புகுந்துகொண்டது.

காம்பஸும் ஸ்கேலும் மட்டும் வைத்துக்கொண்டு எந்தக் கோணத்தையும் மூன்று சம பாகமாக வெட்ட வேண்டும். இரண்டாக வெட்டப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்திருந்தார்கள். மூன்றாக வெட்டச் சொல்லித் தராததற்குக் காரணம் வாத்தியாரின் சோம்பேறித்தனம்தான் என்று முடிவு கட்டினேன். ஆறு மாதம் டாலி ஷீட்டுகளின் முதுகில் வட்டம் வட்டமாகப் போட்டுக் கண்டுபிடித்தே விட்டேன். எட்டுப் பக்கம் எழுதி ஒரு கல்லூரிப் பேராசிரியருக்கு அனுப்பினேன். பதிலுக்கு ஒரு போஸ்ட் கார்டு வந்தது. இங்கிலீஷில் மூன்றே வரி: இது யாராலும் ஆகாத காரியம் என்று நூறு வருஷத்துக்கு முன்பே நிரூபித்தாகிவிட்டது, உங்கள் படத்தில் மூன்றாவது கோணம் கொஞ்சம் பெருத்திருக்கிறது, இனிமேல் எனக்கு எழுத வேண்டாம்.

இன்னும் யாருக்கும் வரவில்லை என்று சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். எவனுக்கும் எந்தக் காலத்திலும் வராது என்று பூட்டுப் போட்டுச் சாவியையும் கடலில் எறிந்திருந்தார்கள். நல்ல வேளையாகப் பேராசிரியரின் கையெழுத்து டாக்டர் சீட்டு மாதிரி இருந்தது. எங்கள் பேட்டையில் வேறு யாராலும் படிக்க முடியவில்லை. "பெரிய காலேஜ் புரொபசர் எனக்குக் கைப்பட எழுதியிருக்கிறார்" என்று சொல்லிக் கார்டை டெரிலின் சட்டைப் பையில் வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டேன். சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. அன்றிலிருந்து எனக்குக் 'கணக்கு' என்றே பெயர் ஆகிவிட்டது.

இனி எங்கள் பேட்டையின் அமைப்பைச் சொல்லியாக வேண்டும். ராயபுரத்தில் கடலை ஒட்டி ஒரு சின்ன மாதா கோயில். கோயில் வாசலில் நின்று கடலைப் பார்த்தால் இடது கைப்பக்கம் உப்புத் தெரு, வலது கைப்பக்கம் கயிற்றுத் தெரு. இரண்டும் கடலை நோக்கிப் போகும். கடைசியில் கடலோரத் தெரு குறுக்கே வந்து இரண்டையும் முடிச்சுப் போடும். நடுவழியில் இன்னொரு தெருவும் இரண்டையும் சேர்க்கிறது. அது மட்டும் நேராக இல்லாமல் வில் மாதிரி கடல் பக்கம் வளைந்து போகும். அதனால் வில் தெரு. அந்த வில்லுக்கு நாண் கட்ட வேண்டிய இடத்தில்தான் எங்கள் வீடு. ரயில் பெட்டி மாதிரி ஒரே நீளம். முன் வாசல் உப்புத் தெருவில், வில் தெரு தொடங்குகிற முனையில். பின் வாசல் கயிற்றுத் தெருவில், வில் தெரு முடிகிற முனையில். நடுவில் கூடம், சாமான் அறை, கடைசியில் சமையற்கட்டு.

வருஷா வருஷம் திருவிழாவில் மாதா சுரூபத்தைத் தோளில் தூக்கும் தேரில் வைத்துத் தெருக்களைச் சுற்றி எடுத்து வருவார்கள். எங்கள் மீனவ வீடுகளில் இதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. மாதா ஒரு தெரு வழியாக ஒரு தடவைதான் போகலாம். போன தெருவில் மறுபடி வந்தால், கொடுத்துவிட்டுப் போன ஆசீர்வாதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போகிறாள் என்று அர்த்தம். அப்புறம் அந்தத் தெருக்காரனுக்கு அந்த வருஷம் வலையில் நண்டு மட்டும்தான். ஆகவே தேர் உப்புத் தெருவில் போய், கடலோரத் தெருவில் திரும்பி, கயிற்றுத் தெருவில் இறங்கிக் கோயிலுக்கு வந்துவிடும். வில் தெரு மட்டும் எப்போதும் அம்போ. ஒரு வருஷம் வில் தெருவைச் சேர்த்துக்கொண்டு கடலோரத் தெருவை விட்டுப் பார்த்தார்கள். கடலோரத் தெருக்காரர்கள் மூன்று மாதம் கோயில் பக்கமே வரவில்லை.

வில் தெருவின் நட்ட நடுவில், ஹார்பரில் சரக்குத் தூக்கும் மெஷினை ஓட்டும் விஞ்சு டிரைவர் ஒருவர் இருந்தார். கப்பலின் அடித்தளத்தில் நிற்கிறவனுக்கும் கேட்கிற குரல். அவருக்கு ஒரு மகள். வண்ணாரப்பேட்டை ரெடிமேட் சட்டைகளுக்கு வீட்டு வாசலில் உட்கார்ந்து பட்டன் தைப்பாள். என் சட்டையில் பட்டன் அடிக்கடி அறுந்துபோனதற்கும் அவளுக்கும் சம்பந்தம் உண்டு. அவரை மாமா என்று கூப்பிட ஆசைப்பட்டுக்கொண்டே அண்ணாத்தே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். கார்டு வந்து நாலு வருஷம் கழித்து ஒரு நாள் தைரியம் பண்ணி வாயைத் திறந்தேன்.

"இன்னாடா கணக்கு, எம்பொண்ணக் கேக்கிறியா?" என்றார். தெருவே வெளியே வந்து பார்த்தது.

"ஆமா அண்ணாத்தே."

"வேலைல கீறே. குடி கெடயாது. தல மட்டும் கொஞ்சம் லூசு, பரவால்ல. ஆனா ஒண்ணு. மாதா மறுபடி எங்க தெருவுல காலு வெக்கிற வரிக்கும் எம்பொண்ணு கல்யாணங்கட்டிகினு இந்தத் தெருவ வுட்டு வெளிய காலு வெக்க மாட்டா. கோயில்ல முட்டி போட்டு வேண்டிகினுகீறேன். நீதான் பெரீய கணக்காச்சே? புரொபசர் கார்டுலாம் வெச்சிகினு சுத்துறியே! எல்லாத் தெருவுக்கும் மாதா போவணும், எதுலயும் ரெண்டு தபா போவக் கூடாது. வழி போட்டுக் குடு. பொண்ணக் கூட்டிகினு போ."

இதென்ன பெரிய விஷயம் என்று தோன்றியது. நாலு தெரு. ஒரு ராத்திரி வேலை என்று கணக்குப் போட்டேன். மூன்று மாதம் ஆகியும் முடியவில்லை. அதற்குள் தேர்க் கமிட்டியில், பங்குச் சாமியார் முன்னால், "இந்த வருஷம் எந்தத் தெருவும் விடுபடாது, நான் பொறுப்பு" என்று உதார் விட்டிருந்தேன். டாலி ஷீட் முதுகெல்லாம் தெருக்கள். கோயிலில் தொடங்கினால் வில் தெரு விட்டுப்போகும். வில் தெருவில் நுழைந்தால் கடலோரம் விட்டுப்போகும். இரண்டையும் பிடித்தால் மாதா என் வீட்டு முனையில் திருதிருவென்று நிற்பாள், கோயிலுக்குத் திரும்ப வழி இருக்காது.

கமிட்டி கூடியது. ஆளுக்கு ஒரு யோசனை.

"தேர ரெண்டாக்கிடலாம். ஒண்ணு இப்டிப் போவட்டும், ஒண்ணு அப்டிப் போவட்டும்" என்றார் ஒரு படகுக்காரர்.

"மாதா இன்னா ரெண்டு பேரா? போய்யா."

"அப்ப போன தெருவுலயே வரட்டும், ஆனா தூக்குறவன் பின்னாடியே நடந்து வரட்டும். பின்னாடி நடந்தா அது போறதுதானே, வர்றது எப்டி ஆவும்?"

இதைச் சொன்னவர் கயிற்றுத் தெரு கருவாட்டு வியாபாரி. இரண்டு நிமிஷம் எல்லோரும் நிஜமாகவே யோசித்தார்கள். சாமியார் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

விஞ்சு டிரைவர் எழுந்தார். "ஒரே வழிதான் கீது. மாதா எங்க தெருவுக்கு வந்து அங்கயே தங்கிடட்டும். கோயிலுக்கு இன்னாத்துக்குத் திரும்பணும்? எங்க வூட்ல எடம் கீது."

அன்று நாற்காலி ஒன்று உடைந்தது. யார் உடைத்தது என்று கமிட்டி இதுவரை முடிவு செய்யவில்லை.

மறுநாள் சாயங்காலம் காகிதக் கட்டோடு வில் தெருவுக்குப் போனேன். அவர் இன்னும் ஷிப்டு முடிந்து வரவில்லை. அவள் மட்டும் வாசலில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கார்டக் காட்டுங்க" என்றாள்.

"எந்தக் கார்டு?"

"பாக்கெட்ல குத்திகினுகீற கார்டு. ஊருக்கே காட்டுனீங்க, எனக்குக் காட்ட மாட்டீங்களா?"

கொடுத்தேன். தையல்காரி கண், ஊசிக் காதைப் பார்க்கிற மாதிரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பள்ளிக்கூடத்து இங்கிலீஷை வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தாள்.

"முடியாதுன்னு போட்டுகீது" என்றாள்.

"ஹூம்."

"இனிமே எழுதாதேன்னும் போட்டுகீது."

"ஹூம்."

"நாலு வருசமா இத்த வெச்சிகினா உதார் வுட்டீங்க?" சிரிக்கத் தொடங்கியவள் ஊசியைக் குத்திக்கொண்டு, விரலை வாயில் வைத்துக்கொண்டும் சிரித்தாள். அப்புறம் சொன்னாள்: "இந்தத் தேர் வழியும் அந்த மாரிதான். முடியாது."

"எப்படிச் சொல்றே? மூணு மாசமா நான்..."

"மூணு மாசம் எதுக்கு? மூணு செருப்பு போதும்."

வாசலில் கிடந்த செருப்புகளில் மூன்றை எடுத்தாள். என்னுடைய இரண்டு, அவள் அப்பாவின் பழைய செருப்பு ஒன்று. ஜோடியை நாய் தூக்கிப்போய்விட்டதாம். மூன்றையும் நுனி சேர்த்துத் தரையில் வைத்தாள்.

"இது உங்க வூட்டு முனை. மூணு தெரு சேருது. கோயில் பக்கத்து உப்புத் தெரு ஒரு செருப்பு, கடல் பக்கத்து உப்புத் தெரு ஒண்ணு, எங்க தெரு ஒண்ணு. மாதா ஒண்ணுல வந்தா இன்னோண்ணுல வெளிய போவணும். ரெண்டு தீந்துச்சா? மிச்சம் கீற ஒண்ணுல அப்பறமா வந்தான்னு வைங்க, வெளிய போறதுக்கு எது? அங்கயே குந்திக்க வேண்டியதுதான். எந்த முனையா இருந்தாலும் தெருவு ஜோடி ஜோடியா இருக்கணுங்க. ஒத்தச் செருப்பு கீற முனைல யாரு போட்டாலும் வழி வராது. நீங்க போட்டாலும் வராது, அந்த புரொபசரு போட்டாலும் வராது."

என் மூன்று மாதத்தை மூன்று செருப்பால் அடித்தது மாதிரி இருந்தது. நம்பாமல் மறுநாள் லீவு போட்டு நூலகத்துக்குப் போனேன். கணக்குப் புதிர்கள் என்ற பகுதியில் ஒரு தடித்த புத்தகம். எங்கேயோ ஒரு ஊரில் ஏழு பாலமாம். ஒவ்வொன்றையும் ஒரே தடவை கடந்து ஊரைச் சுற்ற அந்த ஊர்க்காரர்களும் ஆசைப்பட்டார்களாம். ஒரு வெளிநாட்டுக் கணக்குக்காரர் நடக்காது என்று நிரூபித்துவிட்டாராம். காரணமும் செருப்புக் காரணமேதான், செருப்பு என்ற வார்த்தை மட்டும் இல்லை. இருநூறு வருஷத்துக்கு முந்திய சங்கதி. நான் பிறப்பதற்கு அவ்வளவு காலம் முன்பே என் கல்யாணத்தை நிறுத்தி வைத்திருக்கிறார் மனுஷர்.

தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்தேன். என் தலைமுறையில் இரண்டு ஆகாத காரியங்களில் மாட்டிக்கொண்டவன் நான் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும். அப்போது மீன்காரி ஒருத்தி கூடையோடு பின் வாசலில் நுழைந்து, சமையற்கட்டைத் தாண்டி, என் காலையும் தாண்டி, முன் வாசல் வழியாக உப்புத் தெருவுக்குப் போனாள். எங்கள் வீட்டுக்குள் இது தினம் நடக்கிறதுதான். வில்லைச் சுற்ற யாருக்கும் பொறுமை கிடையாது. பின்னாலேயே கரண்டியோடு என் அம்மா வந்தாள்.

"ஏண்டி, தரை இப்பத்தான் தொடச்சேன், கலீஜ் பண்ணிகினு போறியே! இது இன்னா வூடா, தெருவாடி?"

நான் எழுந்து நின்றேன்.

"யம்மா, இன்னா சொன்னே?"

"இன்னா சொன்னேன்? வூடா தெருவான்னு கேட்டேன்."

"தெருதான்!" என்று கத்தினேன். முன் வாசல் முனையில் ஒற்றைச் செருப்பு. பின் வாசல் முனையிலும் ஒற்றைச் செருப்பு. நடுவில் எங்கள் வீட்டை ஒரு தெருவாகப் போட்டால் இரண்டு முனையிலும் நாலு நாலு. ஜோடி! கோயிலிலிருந்து உப்புத் தெரு, எங்கள் வீட்டு முனையில் திரும்பி வில் தெரு, பின் வாசலில் நுழைந்து வீட்டுக்குள்ளேயே வந்து முன் வாசலில் வெளியேறி, மிச்ச உப்புத் தெரு, கடலோரம், கயிற்றுத் தெரு, கோயில். தினமும் பட்டன் அறுந்த சட்டையோடு அவளைப் பார்க்க எந்த வழியாக ஓடினேனோ, அதே சமையற்கட்டு வழி. மூன்று மாதமாக ஊர்த் தெருவையெல்லாம் வரைந்த மேதை, தான் உட்கார்ந்து வரைந்த வீட்டை மட்டும் வரையவில்லை.

அம்மாவைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. "மாதா வரட்டும். ஊரு எதுக்குடா கூட வருது?" என்றாள். மாதா திரும்பி வராத இடத்தில் ஆசீர்வாதம் தங்கிவிடும், நம் வீட்டுக்குள் தங்கினால் நமக்கு மட்டும்தானே என்று எடுத்துச் சொன்னேன். கரண்டியால் முதுகைச் சொறிந்துகொண்டு யோசித்தாள். "சரி. ஆனா எவனும் பானை மூடியத் தொறக்கக் கூடாது."

வீடு தெருக்கணக்கில் சேருமா என்று கமிட்டியில் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை வாதம் நடந்தது. கடைசியில் சாமியார், மாதாவுக்கு வீடும் தெருவும் ஒன்றுதான் என்று தீர்ப்புச் சொன்னார். கருவாட்டு வியாபாரி மட்டும், பின்னாடி நடக்கும் யோசனைதான் சிறந்தது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

நானே தேரை அளந்தேன். அகலம் இரண்டரை அடி. எங்கள் கதவுகளை அளந்தேன். மூன்று அடி. அரை அடி மிச்சம் என்று சாக்பீஸால் சுவரில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

திருவிழா அன்று மாலை ஐந்து மணிக்குத் தேர் புறப்பட்டது. வில் தெருவில் மாதா நுழைந்தபோது பட்டாசு வெடித்த வெடியில் காக்கைகள் மூலக்கொத்தளம் வரை பறந்திருக்கும். விஞ்சு டிரைவர் நடுத்தெருவில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டார். எழுந்து என்னைப் பார்த்து, "மாப்ள" என்றார், அந்தக் குரலில். பேண்டு வாத்தியம் ஒரு கணம் நின்றுபோனது.

தேர் எங்கள் பின் வாசலுக்கு வந்தது. உள்ளே நுழைந்தது. பாதியில் நின்றது.

நான் தேரை மட்டும்தான் அளந்திருந்தேன். பக்கத்துக்கு நாலு பேராக எட்டுப் பேர் தூக்கி வருகிறார்களே, அவர்களின் அகலத்தை அளக்கவில்லை. தேரின் தூக்குக் கம்புக்கு வெளியே நிற்கிற தோள்கள் கதவு நிலையில் இடித்துக்கொண்டு நின்றன. முன்னால் இருந்த நாலு பேர் மட்டும் ஒருக்களித்து நண்டு மாதிரி உள்ளே வந்துவிட்டார்கள். பின்னால் இருந்த நாலு பேர் வெளியே. நடுவில், சரியாக எங்கள் அடுப்புக்கு நேராக, மாதா. அடுப்பில் கருவாட்டுக் குழம்பு. அவசரத்தில் அம்மா இறக்கி வைக்க மறந்திருந்தாள். சாம்பிராணியும் கருவாடும் சேர்ந்து ஒரு புது வாசனை கிளம்பியது.

"கொஞ்சம் பின்னால எடுங்கபா" என்றது ஒரு குரல்.

"எடுக்காதே!" கூட்டம் முழுக்க ஒரே சத்தம். பின்னால் எடுத்தால் அது திரும்புவது. திரும்பினால் வில் தெருவுக்குக் கிடைத்தது எல்லாம் போயிற்று. விஞ்சு டிரைவரின் வேண்டுதல் அங்கேயே கெட்டுப்போகும். ஐந்து நிமிஷத்துக்கு முன் மாப்பிள்ளை ஆனவன் மறுபடியும் கணக்கு ஆகிவிடுவேன்.

"டேய் கணக்கு, அர அடி மிச்சம்னு எழுதிகீறியேடா!" என்றார் கருவாட்டு வியாபாரி, சுவரைப் படித்து.

அப்போதுதான் விஞ்சு டிரைவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். ஒரு பார்வை பார்த்தார். கப்பல் அறையில் பெட்டி சிக்கினால் பார்க்கிற பார்வை.

"தோளுல கீறத எறக்கு. மெதுவா. தரைல ஈரச் சாக்கப் போடு. டேய், கயித்துத் தெருவுல நின்னுகினு கயிறு இல்லேன்னா செருப்பால அடிப்பேன், கொண்டா! மாப்ள, நீ ஒண்ணும் அளக்காத, அப்டி ஓரமா நில்லு."

ஈரச் சாக்கு போட்டார்கள். தேரை இறக்கிக் கம்புகளை உருவினார்கள். முன்னால் இரண்டு பேர் கயிற்றைப் பிடிக்க, அவர் "இஸ்து... இஸ்து... நிறுத்து... இஸ்து" என்று சொல்லச் சொல்ல, மாதா எங்கள் வீட்டுத் தரையில் வழுக்கிக்கொண்டு வந்தாள். முன்னால் அம்மா பின்புறமாக நடந்துகொண்டே ஆட்டுக்கல்லை நகர்த்தினாள், குடத்தை நகர்த்தினாள், என்னையும் நகர்த்தினாள். டிரம்காரருக்கு டிரம் நுழையவில்லை. மாதா போன வில் தெரு வழியாக டிரம் மட்டும் திரும்பிச் சுற்றி வரலாமா என்று சாமியாரிடம் கேட்டதற்கு, அவர் ஜெபமாலையை வேகமாக உருட்டினார். பின்னாலேயே ஊர். ஒருவர் விடாமல் பானை மூடியைத் திறந்து பார்த்தார்கள். குழம்பில் உப்புக் குறைவு என்ற செய்தி தேருக்கு முன்பே கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தது.

பெண்கள் வரிசையின் கடைசியில் மெழுகுவத்தியோடு அவள் வந்தாள். கூடத்தில் என் பக்கம் வந்ததும் மெதுவாக, "அடுத்த வருசம் ஆளையும் அளங்க" என்றாள்.

கல்யாணம் தைப் பொங்கல் கழித்து நடந்தது. மாமா மகளைக் கைப்பிடித்து வில் தெருவிலிருந்து வெளியே கொண்டுவந்து விட்டார். முப்பது தப்படி தூரம்.

கார்டு இப்போது அவளிடம் இருக்கிறது. நான் எதையாவது நிச்சயமாகச் சொன்னால் எடுத்துக் காட்டுவாள். அவளுக்குக் கோபம் வந்தால் பையை எடுத்துக்கொண்டு முன் வாசல் வழியாகத் தன் அப்பா வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். எங்கள் கட்டுப்பாட்டின்படி போன வழியே திரும்ப மாட்டாள். அந்த வாசலில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு, வில் தெருவிலேயே மேலே நடந்து, கயிற்றுத் தெரு முனைக்கு வந்து, பின் வாசல் வழியாகத்தான் வருவாள். அதனால் முன் கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் நான் எழுந்து சமையற்கட்டுக்குப் போய், பின் கதவைத் திறந்து வைத்துவிட்டு, டீக்குத் தண்ணீர் வைப்பேன். தண்ணீர் கொதிக்கிற நேரமும் வில் தெருவின் நீளமும் ஏறக்குறையச் சமம். நான் சரியாகப் போட்ட ஒரே கணக்கு அதுதான்.